ஸ்ரீரங்கம் போய் வர எத்தனை கிலோ கார்பன்?

வைகுண்ட ஏகாதசி, சித்திரைத் தேர், ஆடிப்பெருக்கு என்று ஸ்ரீரங்கத்தில் கூட்டம் சேரும்போதெல்லாம் ஒரு பேச்சு கிளம்பும். "இவ்வளவு ஜனம் வந்தா ஊர் தாங்குமா, காவேரி தாங்குமா, பூமி தாங்குமா?" முதல் ரெண்டு கேள்வியும் குப்பை, சாக்கடை, குடிதண்ணீர் சம்பந்தப்பட்டது. அதுக்கு ஊரே பதில் சொல்லட்டும். மூணாவது கேள்வியை மட்டும் எடுத்துக்கிட்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருத்தர் ரங்கநாதரை சேவிச்சுட்டு வீடு திரும்புவதற்குள் எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்குது? அதுதான் இந்தப் பதிவு.

இதுக்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். பெருக்கல், வகுத்தல் போதும். நீங்களும் உங்க ஊருக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எப்படி ரெண்டு கிலோவுக்கு மேல் ஆகுது?

எல்லாரும் முதலில் கேட்கும் சந்தேகம் இது. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடையே முக்கால் கிலோதான். அதிலிருந்து 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு எப்படி வரும்?

மிச்ச எடை காற்றிலிருந்து வருது. பெட்ரோலில் பெரும்பகுதி கார்பன். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றில் இருக்கும் ரெண்டு ஆக்சிஜன் அணுவைப் பிடிச்சுக்கும். கார்பனின் எடை 12 என்றால் ஒட்டிக்கொள்ளும் ஆக்சிஜனின் எடை 32. மொத்தம் 44. அதாவது 12 கிராம் கார்பன் எரிஞ்சா 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு.

இந்தக் கணக்குப்படி நாம் மனசில் வெச்சுக்க வேண்டிய எண்கள் நாலுதான்:

ஒரு லிட்டர் பெட்ரோல்: 2.3 கிலோ.
ஒரு லிட்டர் டீசல்: 2.7 கிலோ.
ஒரு கிலோ விமான எரிபொருள்: 3.16 கிலோ.
ஒரு யூனிட் மின்சாரம்: ஏறக்குறைய 0.7 கிலோ.

கடைசி எண் இந்தியாவுக்கு உரியது. நம்ம மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வருவதால் அது இவ்வளவு அதிகம். காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக் கூட இது குறையும்.

சென்னையிலிருந்து ஸ்ரீரங்கம்

சாலை வழியாக சுமார் 320 கிலோமீட்டர். ரயிலில் எழும்பூரிலிருந்து சுமார் 335. கீழே இருப்பதெல்லாம் ஒரு ஆளுக்கு, ஒரு வழிக்கு மட்டும். எல்லாமே தோராயம். ஆனால் எப்படிப் போட்டேன் என்று சொல்லிடறேன், உங்க எண்ணை வெச்சு மாத்திப் பார்த்துக்கலாம்.

சாதா அரசுப் பஸ்: லிட்டருக்கு 5 கிலோமீட்டர் என்று வெச்சுக்கிட்டால் 64 லிட்டர் டீசல். 173 கிலோ. அதை 50 பேருக்கு வகுத்தால் மூன்றரை கிலோ. பஸ் பாதி காலியாகப் போனால் ஏழு.

ஏசி ஸ்லீப்பர் ஆம்னி பஸ்: ஏசிக்கும் சேர்த்து லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர், உள்ளே 30 பேர். ஆளுக்கு எட்டு கிலோ.

ரயில்: இருபது பெட்டி விரைவு ரயில் ஒரு கிலோமீட்டர் போக இருபதிலிருந்து இருபத்தஞ்சு யூனிட் வரை இழுக்கும். 24 என்று வைத்து, 1,200 பேர் என்று வகுத்தால் ஆளுக்கு நாலே முக்கால் கிலோ. இது மொத்த ரயிலுக்கு சராசரி. முன்பதிவில்லாப் பெட்டியில் நெருக்கியடிச்சு நிற்பவருக்கு இதைவிடக் குறைவு. ஐம்பது பேர் மட்டும் படுக்கும் செகண்ட் ஏசி பெட்டிக்காரருக்கு அதிகம்.

ஏழு பேர் ஏறின டீசல் இன்னோவா: லிட்டருக்கு 12 என்றால் மொத்தம் 72 கிலோ. ஆளுக்குப் பத்து.

நாலு பேர் போகும் பெட்ரோல் கார்: லிட்டருக்கு 15 என்றால் மொத்தம் 49 கிலோ. ஆளுக்குப் பன்னிரண்டு. ரெண்டு பேர் மட்டும் என்றால் இருபத்தஞ்சு. ஒருத்தரே ஓட்டிக்கிட்டு வந்தால் முழு 49-ம் அவர் கணக்கு.

நாலு பேர் போகும் எலக்ட்ரிக் கார்: யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர், கொஞ்சம் சார்ஜிங் இழப்பு எல்லாம் சேர்த்து மொத்தம் 35 கிலோ. ஆளுக்கு ஒன்பதுக்கும் குறைவு.

விமானம்: இந்தச் சின்ன தூரத்துக்கு எழுபது, எண்பது பேர் உட்காரும் காற்றாடி விமானம் போதும். சுமார் 650 கிலோ எரிபொருள், உள்ளே அறுபது பேர். ஆளுக்கு 34 கிலோ.

இந்தப் பட்டியலில் எனக்கு ஆச்சரியமா இருந்தது மூணு விஷயம்.

ஒண்ணு, நம்ம ஊரில் நிறைஞ்ச பஸ்ஸும் ரயிலும் கிட்டத்தட்ட சமம். ஐரோப்பியக் கட்டுரைகளைப் படிச்சா ரயில்தான் எப்பவும் முதலிடம், மத்தது எல்லாம் ரொம்பப் பின்னால். அவங்க ஊர் மின்சாரம் வேற, அவங்க பஸ்ஸில் உட்காரும் ஆள் எண்ணிக்கையும் வேற. நம்ம அரசுப் பஸ் நிறைஞ்சு வழிவதால்தான் அது இவ்வளவு சிக்கனம். ஆனா ஒரு வித்தியாசம் உண்டு. மின்சாரம் சுத்தமாக ஆக ரயிலின் எண் தானாகவே இறங்கும், தண்டவாளத்தையோ இஞ்சினையோ மாத்த வேண்டியதில்லை. டீசல் பஸ் அப்படியேதான் இருக்கும்.

ரெண்டு, காரில் தனியா வர்றவர் விமானத்தில் வர்றவரைவிட மோசம். "நான் ஃப்ளைட்டில் போறதே இல்லை" என்று பெருமைப்படுவதற்கு முன்னால் காரில் எத்தனை சீட் காலி என்று பார்க்கணும்.

மூணு, எலக்ட்ரிக் காராகவே இருந்தாலும் நாலு பேர் உட்கார்ந்தும் அது சாதா அரசுப் பஸ்ஸிடம் தோற்குது.

இதில் சேராத ஒண்ணு ட்ராப் டாக்ஸி. ஒரு வழிக்கு மட்டும் காசு வாங்குவாங்க, சல்லிசா இருக்கும். ஆனா திரும்பும்போது சவாரி கிடைக்கலைன்னா அந்த வண்டி காலியாத்தான் சென்னை போகும். அந்த டீசலையும் உங்க கணக்கில்தான் எழுதணும். அப்போ பத்து இருபது ஆகும்.

கடல் தாண்டி வர்றவங்க

திருச்சி விமான நிலையத்தைப் பற்றித் தனியா சொல்லணும். 2024 ஜனவரி 2-ம் தேதி புது முனையத்தைப் பிரதமர் திறந்து வெச்சார். அந்த ஜூனில் அது பயன்பாட்டுக்கு வந்தது. வருஷத்துக்கு 44 லட்சம் பேரைக் கையாளலாம் என்று கட்டியிருக்காங்க. முகப்பிலும் சுவரிலும் ஸ்ரீரங்கத்துக் கோபுரமும் தமிழ்நாட்டுக் கலைகளும்தான். உள்நாட்டு விமானத்தைவிட சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடா என்று வெளிநாட்டு விமானங்களால் வாழும் நிலையம் இது. டெல்டா மாவட்டங்களிலிருந்தும் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்திலிருந்தும் போன ஜனம்தான் இதன் பலம்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர். 180 சீட் விமானம் எட்டிலிருந்து பத்து டன் எரிபொருள் குடிக்கும். ஆளுக்குப் பகிர்ந்தால் ஒரு வழிக்கு 160 முதல் 200 கிலோ. போக வர 350 என்று வைங்க. அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து வந்து போனால் ஆளுக்கு சுமார் ரெண்டு டன்.

ரெண்டு டன் என்றால் என்ன? ஒரு சராசரி இந்தியர் ஒரு வருஷம் முழுக்க வெளியிடுவதே ஏறக்குறைய ரெண்டு டன்தான். சமையல், கரண்ட், வண்டி, அவர் பங்குக்கு வரும் சிமெண்ட், இரும்பு எல்லாம் சேர்த்து. அதை ஒரே லீவுப் பயணம் தீர்த்துடுது.

இன்னும் ஒண்ணு. பெரிய ஜெட் விமானங்கள் பறக்கும் உயரத்தில் அவை விடும் நீராவி உறைஞ்சு வெள்ளைக் கோடாகிறதைப் பார்த்திருப்பீங்க. அந்தக் கோடு பரவி மெல்லிய மேகமாகி பூமியின் வெப்பத்தைத் திரும்பப் போகவிடாமல் பிடிக்கும். அதைச் சேர்த்தால் விமானப் பயணத்தின் பாதிப்பு கார்பன் கணக்கு மட்டும் காட்டுவதைவிட அதிகம். நான் மேலே கொடுத்த எண்களில் அது சேரலை.

இப்போ ஒரு வகுத்தல். நாலு பேர் குடும்பம் அமெரிக்காவிலிருந்து வந்து போக எட்டு டன். சென்னையிலிருந்து சாதா பஸ்ஸில் வந்து போக ஒருத்தருக்கு ஏழு கிலோ. எட்டு டன்னை ஏழு கிலோவால் வகுத்தால் 1,140 பேர். அதாவது இருபத்து மூணு பஸ் நிறைய பக்தர்கள். சிங்கப்பூர்க் குடும்பம் என்றால் நாலு பஸ்.

இதைச் சொன்னதும் வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரங்க முகம் வாடும். தேவையில்லை. அம்மாவைப் பார்க்க வர்றவரைக் குற்றவாளி ஆக்குறது என் நோக்கமில்லை. அவர் வர்றது கோவிலுக்கு மட்டுமில்லை. கல்யாணம், காரியம், டாக்டர், பத்திரப்பதிவு எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். அந்த ரெண்டு டன்னை முழுக்க ரங்கநாதர் தலையில் கட்டுவது நியாயமும் இல்லை. நான் சொல்ல வர்றது வேற. கூட்டத்தைப் பார்த்து "பூமி தாங்குமா"ன்னு கேட்கறோமே, அந்தக் கேள்வி தப்பான ஆளை நோக்கிப் போகுது.

கண்ணுக்குத் தெரியற குப்பை, தெரியாத புகை

சித்திரைத் தேருக்கு வர்றவங்க யாரு? சுத்துப்பட்டு கிராமத்து ஜனம். முதல் நாளே குடும்பத்தோட வந்து வீதியிலேயே படுத்து எழுந்து, தேரைப் பார்த்துட்டுப் போவாங்க. தானியம், மாடு கன்று என்று காணிக்கை கொண்டு வர்றதும் உண்டு. ஒரு மினி பஸ்ஸில், லோடு வண்டியில் எத்தனை பேர் ஏற முடியுமோ அத்தனை பேர். சமயபுரம் பூச்சொரிதலுக்குப் பாத யாத்திரையா நடந்து போறவங்க கணக்கில் பயணக் கார்பன் கிட்டத்தட்டப் பூஜ்யம்.

ஆனா திருவிழா முடிஞ்ச மறுநாள் அம்மா மண்டபத்துப் படித்துறையிலும் சித்திரை வீதியிலும் கிடக்கும் குப்பை இவங்க பேரில்தான் எழுதப்படும். அது கண்ணுக்குத் தெரியுது. படம் எடுக்கலாம், திட்டலாம். ஒருத்தர் ஓட்டி வந்த காரின் புகைக்குப் படம் கிடையாது. வாசனையான ஏசி அறையில் தங்கி, எல்லாக் கவரையும் ஒழுங்கா குப்பைத்தொட்டியில் போட்டுட்டுப் போற ஒருத்தர் விட்டுப் போன கார்பன், பத்துப் பதினஞ்சு பேர் விட்டதைவிட அதிகமா இருக்கலாம். குப்பை போடறது சரின்னு சொல்ல வரலை. ஒண்ணை வெச்சு இன்னொண்ணை அளக்கக் கூடாது என்கிறேன்.

தங்குவதும் சாப்பிடுவதும்

அறைக்கும் ஒரு கணக்கு. ஒன்றரை டன் ஏசி ராத்திரி முழுக்க ஓடினால் எட்டு முதல் பத்து யூனிட். ஆறேழு கிலோ கார்பன். சாதா பஸ்ஸில் சென்னை போய் வர்ற அளவு அது! ரெண்டு பேர் பகிர்ந்தால் பாதி. அதுவே பஞ்சக்கரை சாலை யாத்ரி நிவாஸ் மாதிரி இடத்தில் பொது அறையில் ஃபேனுக்குக் கீழே படுத்தால் அரை கிலோகூட ஆகாது.

கோவிலில் நாள் முழுக்க அன்னதானம் 2012-லிருந்து நடக்குது. பெரிய அண்டாவில் ஒரே தடவை சமைச்சு பந்தி பந்தியா போடுவது வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டுவதைவிட எரிபொருளில் சிக்கனம். இறைச்சி இல்லாத சாப்பாடு என்பதால் அதன் பங்கும் சின்னது. நெல் வயலில் தண்ணீர் தேங்குவதால் மீத்தேன் வரும் என்பது உண்மை. ஆனா அந்தச் சோற்றை நீங்க வீட்டில் இருந்தாலும் சாப்பிட்டிருப்பீங்க. அதனால் அதைப் பயணக் கணக்கில் சேர்க்கலை.

சேவிக்க வரிசையில் நிக்கறதுக்கும், 156 ஏக்கர் கோவிலை நடந்து சுத்தறதுக்கும் செலவு கால் வலி மட்டும்தான். ஆக, ஊருக்குள் வந்த பிறகு செய்வது பெரும்பாலும் சில்லறை. வந்த விதம்தான் பெரிய நோட்டு.

உலகம் என்ன சொல்லுது?

2024 டிசம்பரில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் யா-யென் சுன் தலைமையிலான குழு உலகச் சுற்றுலாவின் மொத்தக் கணக்கைப் போட்டது. 2019-ல் 520 கோடி டன். உலகத்தின் மொத்த உமிழ்வில் 8.8 சதவீதம். 2009-லிருந்து வருஷத்துக்கு 3.5 சதவீதமா வளர்ந்திருக்கு. உலகப் பொருளாதாரத்தின் மொத்த உமிழ்வு வளர்ந்த வேகத்தைப் போல ரெண்டு மடங்கு. அதிகம் வெளியிடும் இருபது நாடுகளுக்கு மட்டும் முக்கால் பங்கு. வளர்ச்சியை இழுத்துப் போனது அமெரிக்கா, சீனா, அப்புறம் இந்தியா.

இந்தியா பட்டியலில் வந்ததும் "பார்த்தீங்களா, கூட்டம்தான்"னு சொல்லத் தோணும். ஆனா அதே ஆய்வு இன்னொண்ணும் சொல்லுது. பணக்கார நாட்டுக்காரர் ஒருத்தருக்கும் ஏழை நாட்டுக்காரர் ஒருத்தருக்கும் உள்ள வித்தியாசம் நூறு மடங்குக்கு மேல். இந்த இடைவெளி நாட்டுக்கு நாடு மட்டும் இல்லை. ஒரே நாட்டுக்குள்ளும் உண்டு. ஒரே தேர்வீதிக்குள்ளும் உண்டு.

தமிழ்நாட்டுக்கு 2022-ல் உள்நாட்டுப் பயணிகளின் வருகை மட்டும் 21 கோடிக்கு மேல் என்று மத்திய சுற்றுலாத் துறை கணக்கு காட்டுது. அதில் கோவிலுக்கு வர்றவங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த 21 கோடி பஸ்ஸிலும் ரயிலிலும் வருவதா, காரில் வருவதா என்பதுதான் இனிமேல் கணக்கைத் தீர்மானிக்கப் போவது. ஆளுக்கு 100 கிலோமீட்டர் என்றே வைங்க. பஸ்ஸில் என்றால் ஆளுக்கு ஒரு கிலோவை ஒட்டி. நாலு பேர் காரில் என்றால் அதைப் போல மூன்றரை மடங்கு. எண்ணிக்கையை வெச்சுப் பெருக்கிப் பாருங்க.

இதில் யாருக்கு நஷ்டம்?

சித்திரைத் தேர் வர்றது ஏப்ரல், மே மாசத்தில். திருச்சி வெயில் 40 டிகிரியைச் சாதாரணமா தாண்டும் நாட்கள். கோவில்களில் தரையில் வெள்ளைப் பூச்சு அடிக்கிறாங்க, கயித்துப் பாய் விரிச்சுத் தண்ணீர் தெளிக்கிறாங்க, நீர்மோர் கொடுக்கிறாங்க. அதெல்லாம் இல்லாமல் கருங்கல்லில் கால் வைக்க முடியாது. பூமி சூடாகச் சூடாக இந்த நாட்கள் இன்னும் கடுமையாகும்.

அந்த வெயிலில் வெறுங்காலோட வடம் பிடிச்சு நிக்கறது யாரு? ஆளுக்கு ஒரு கிலோ, ரெண்டு கிலோ மட்டுமே வெளியிட்டு வந்து சேர்ந்த அந்தக் கிராமத்து ஜனம்தான். ரெண்டு டன் வெளியிட்டவர் குளிர்ச்சியான மார்கழியில் வந்துட்டுப் போயிடலாம். எனக்கு இந்தக் கணக்கில் உறுத்தற இடம் இதுதான்.

என்ன செய்யலாம்?

"மரம் நட்டா சரியாயிடுமா?" நல்லா வளர்ந்த ஒரு மரம் வருஷத்துக்கு ஏறக்குறைய 20 கிலோ இழுக்கும் என்பது பரவலா சொல்லப்படும் தோராயம். ரெண்டு டன்னுக்கு நூறு மரம் ஒரு வருஷம் உழைக்கணும். கன்று வளர்ந்து அந்த நிலைக்கு வரவே பல வருஷம். நடுங்க, நிழலாவது கிடைக்கும். ஆனா டிக்கெட்டை அது ரத்து செய்யாது.

என் வீட்டுக்கு வர்றவங்களுக்கு நான் சொல்றது இதுதான்:

ரயிலில் வந்தால் திருச்சி ஜங்ஷன் வரை போகாதீங்க. மலைக்கோட்டை, பல்லவன் ரெண்டும் ஸ்ரீரங்கத்திலேயே நிற்கும். ஸ்டேஷனிலிருந்து ராஜகோபுரத்துக்கு நடந்தே போயிடலாம். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்குது. ஏகாதசிக்கு வர்றதா இருந்தா அந்த நாளைக் காலண்டரில் குறிச்சு வைங்க.

பஸ்ஸில் வந்தால், 2025 மே மாசம் திறந்த பஞ்சப்பூர் நிலையம் ஊருக்குத் தெற்கே இருக்கு. அங்கிருந்து ஸ்ரீரங்கம் பதினஞ்சு கிலோமீட்டரை ஒட்டி. சென்னைப் பஸ் அங்கே போறதுக்கு முன்னாடியே நம்பர் 1 டோல்கேட் பக்கம்தான் வரும். கண்டக்டரிடம் சொல்லி இறங்கிக்கலாம். ஊருக்குள் ஒண்ணாம் நம்பர் டவுன் பஸ் இருக்கவே இருக்கு.

காரில்தான் வரணும்னா, காலி சீட்டில் பக்கத்து வீட்டுப் பாட்டியை ஏத்திக்கிட்டு வாங்க. நாலாவது ஆள் ஏறினதும் உங்க கணக்கு தனியா வந்ததில் கால் பங்காயிடும்.

வெளிநாட்டிலிருந்து வந்தால், ரெண்டு தடவை பத்து நாள் வர்றதுக்குப் பதில் ஒரே தடவை இருபது நாள் வாங்க. அம்மாவும் சந்தோஷப்படுவாங்க.

இதெல்லாம் தனி ஆள் செய்யறது. ஆனா திருவிழா வாரத்தில் ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட், பஸ்ஸில் நிக்க இடமில்லை என்றால் மூணு குடும்பம் சேர்ந்து கார் பிடிக்கத்தான் செய்யும். அவங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கூட்டத்தைக் குறைக்கச் சொல்லி யோசனை சொல்றதைவிட, ஏகாதசிக்கும் தேருக்கும் நாலு சிறப்பு ரயிலையும் நூறு பஸ்ஸையும் கூட விடச் சொல்லிக் கேட்பது இந்தக் கணக்குப்படி எவ்வளவோ மேல்.